சொந்தச் சொல்லில் எழுதக் கற்ற எங்கள் அக்கா

இந்த நினைவு மலரை இன்று கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் தோழிகளுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். சரியாகச் செய்கிறேனா என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதில் குறை இருந்தால் அது என்னுடையது.

அக்கா பென்னலூரில் பிறந்தார். அம்மா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியில் முடித்ததும் ஊருக்குப் பக்கத்திலிருந்த மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். என்னைத் தண்டலத்தில் கட்டிக்கொடுத்த பிறகே தம்மைப் பற்றி யோசித்தார்.

பேக்கிங் லைனில் யார் எங்கே நிற்பது என்பதைப் பன்னிரண்டு வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டார். ஆனால் சூப்பர்வைசர் வேலைக்குப் பட்டம் வேண்டும் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் 1991-இல், முப்பதாவது வயதில், தண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு அருகில் இருந்த கல்லூரியில் சேர்ந்தார். காலையில் படிப்பு, மதியம் ஷிப்ட். சித்தி ஒருவர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்:

"மாப்ள பாக்கற வயசுல பொஸ்தகப் பையா?"

"டிபன் பாக்ஸும் கீது சித்தி. பசிச்சா சாப்டுட்டுப் போங்க."

சேர்க்கையின்போது வைத்த ஆங்கிலத் தேர்வில் அக்கா தேறவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரி தொடங்குவதற்கு முன்பே, ஏழரை மணிக்கு, ஓர் அடிப்படை ஆங்கில வகுப்பு நடந்தது. பருவத்தின் முடிவில் அதில் தேறினால்தான் பட்டப்படிப்பில் தொடரலாம். பதினேழு வயதுப் பிள்ளைகளோடு அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த வகுப்பின் முறையே வேறு. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூட வேண்டும். படித்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். கேட்டவர் தமக்குப் புரிந்ததை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் நாள் அக்கா எழுந்து அந்தப் பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்திலேயே ஒப்பித்தார். "நல்லா இருக்கு. இதில் என்ன சொல்லியிருக்கு?" என்று வகுப்பை நடத்திய மேடம் கேட்டார். அக்கா மறுபடியும் முதல் வரியிலிருந்து ஒப்பித்தார். வகுப்பே சிரித்ததாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்து வந்தோம்.

இங்கேதான் நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். உதவுவதாக நினைத்து, தேர்வில் வரக்கூடிய தலைப்புகளில் பதினைந்து கட்டுரைகளை நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். போதாததற்கு, வகுப்பில் இன்னும் நான்கு பெண்களுக்கும் நகலெடுக்கக் கொடுத்தார். தேர்வில், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பகுதியைக் கொடுத்து, உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். என் பதினைந்தில் அது இல்லை. ஐந்து பேரும் தெரிந்ததை எழுதுவோம் என்று, செய்தித்தாளின் பயன் பற்றிய என் கட்டுரையை எழுதி வைத்துவிட்டார்கள். 'என் தாத்தா தினமும் காலையில் செய்தித்தாள் படிப்பார்' என்று அது தொடங்கும்.

மேடம் ஐந்து விடைத்தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தாராம்.

"அஞ்சு பேருக்கும் ஒரே தாத்தாவா?"

எங்களுக்கு அந்தத் தாத்தாவும் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஒரு மாதம் கழித்து மறுதேர்வு, அதிலும் தவறினால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான் என்றார் மேடம்.

அன்று கல்லூரி முடிந்து அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"நீ இன்னாத்துக்குடி அழுவுற? பெயிலானது நானு."

"இன்னும் இருபது எழுதித் தரேன்க்கா. இந்தத் தடவை எல்லாத் தலைப்பும்..."

"நீ எழுதுனத நான் எழுதுனா, பாஸாவுறது நீ தான். நீ தான் ஏற்கெனவே பாஸாயிட்டியே. உட்ரு."

அந்த ஒரு மாதமும் தினமும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் நடந்த சண்டை, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கியது, லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தது என்று எதையாவது எழுதுவார். எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார். திருத்தக் கூடாது. புரியாத இடத்தில் கோடு போட்டு, 'இது என்ன?' என்று மட்டும் கேட்க வேண்டும். முதல் வாரம் பக்கம் முழுக்கக் கோடுதான். எனக்குக் கை துடிக்கும். பேனாவை எடுத்தால், "கைய எடு. உன் பொண்ணயும் இப்டித்தான், அது ஒரு அடி வைக்கறதுக்குள்ள தூக்கிக்கினு ஓடற" என்பார். கோபம் வரும். ஆனாலும் அவர் சொன்னது உண்மைதான்.

கம்பெனியில் இடைவேளையிலும் எழுதினார். எழுதியதை ஷிப்ட் தோழிகளிடம் தமிழில் சொல்வார்; அவர்கள் கேள்வி கேட்டால் அந்த இடத்தை மாற்றி எழுதுவார். நான்காவது வாரத்தில் ஒரு பக்கத்தில் இரண்டே கோடு போட்டேன்.

மறுதேர்வில், இயந்திரங்கள் பெண்களின் வேலையைச் சுலபமாக்கிவிட்டன என்று ஒரு பகுதி வந்தது. அக்கா அதை ஏற்கவில்லை. புது மெஷின் வந்த பிறகு தங்கள் கைக்கு ஓய்வு கிடைத்தது என்றும், ஆனால் ஓடுகிற மாத்திரையை எட்டு மணி நேரம் உற்றுப் பார்த்துக் கண் எரிகிறது என்றும் எழுதினார். மதிப்பெண் குறைவுதான். ஆனாலும் தேறிவிட்டார். அந்த நான்கு பெண்களில் மூவரும் தேறினார்கள். எஞ்சிய ஒருத்தியை அடுத்த ஆண்டு மறுபடி சேர வைத்தவர் அக்காதான்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்தோம். கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் ஒன்றை நான் எழுதிக் கொண்டுபோனேன். அக்கா அதைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு வெள்ளைத்தாள் கேட்டார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"அவதான் எழுதிக் குட்துட்டாளே, சும்மா படும்மா."

"லீவு எனக்குத்தானப்பா வேணும்."

இடது கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்க, ஆறு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. உடம்பு முடியாத நேரத்தில் அதை அனுமதித்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படிப்பை நான் விடவில்லை, வர முடியாததால்தான் வரவில்லை, என் இடத்தை எனக்காக வைத்திருங்கள் என்பது அதன் பொருள். ஓர் இடத்தில்கூட நான் கோடு போடவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அக்கா போய்விட்டார்.

இரத்தம் கொடுத்த ஷிப்ட் தோழிகளுக்கும், முறை வைத்து இரவு பகலாகத் துணை இருந்த பென்னலூர் சொந்தங்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மேடத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து அந்தக் கல்வியாண்டு முடியும்வரை, வருகைப் பதிவேட்டில் அக்காவின் பெயரை அவர் அடிக்கவில்லை. அந்த முதல் பெஞ்சில் வேறு யாரையும் உட்காரவும் விடவில்லை.