டப்பியின் முள் பட்டை

ஹாஜ்ரா வென்றவற்றை வரிசையாகச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. பத்தொன்பது வயதில், ஆண்கள் யாரும் இல்லாத கூடாரத்தில், எரிகிற விறகை ஏந்திக் கரடியைத் துரத்தினாள். இருபத்தாறு வயதில், கணவன் காசிம் கணவாயில் பனிச்சரிவோடு போன நாற்பதாம் நாள், மந்தையைப் பங்கு போட வந்த கொழுந்தன்மாரைத் திருப்பி அனுப்பினாள். நூற்றுப் பன்னிரண்டு ஆடுகளில் ஒன்றுகூடப் பிரியவில்லை. கோமாரி வந்த வருடம் மற்றவர்கள் பாதி மந்தையை இழந்தபோது அவளுக்குப் போனது நான்கு. அவளுடைய மேய்ச்சல் மேட்டை வேறொரு பெரிய கூட்டம் பிடித்துக்கொண்டபோது, அவர்கள் கூடாரங்களுக்கு நடுவிலேயே அடுப்பை மூட்டி மூன்று நாள் உட்கார்ந்தாள். நான்காம் நாள் அவர்கள்தான் கிளம்பினார்கள். ஐந்து குடும்பங்களின் மந்தைக்கு முன்னால் ஒரு பெண் நடப்பதை, மந்தையோடு மலையேறி இறங்கும் பக்கர்வால் இனத்தாரில் அதுவரை யாரும் கண்டதில்லை. ஹாஜ்ரா பதினோரு வருடம் நடந்தாள்.

இவற்றில் பாதி டப்பிக்கும் டப்பியின் தாய்க்கும் சேரவேண்டியது என்று அவளே சொல்வாள்.

டப்பி கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான பெட்டை நாய். கன்றுக்குட்டி உயரம். சண்டையில் பிடி கிடைக்கக்கூடாது என்று குட்டியிலேயே காது வெட்டியிருந்தது. மக்காச்சோள ரொட்டியும் மோரும்தான் ஆகாரம். இறைச்சியை அதன் மூக்குக்குக்கூடக் காட்டியதில்லை. சிறுத்தை முதலில் தேடுவது தொண்டையைத்தான் என்பதால் கழுத்தில் ஓர் இரும்பு முள் பட்டை. அந்த மாதிரிக் கலப்பில்லாத நாய்கள் ஜம்முவின் ராஜௌரியிலிருந்து பீர் பஞ்சால் மலை ஏறும் வழியில் இப்போது முப்பது தேறாது. சொந்தக்காரனாக இருந்தாலும் டப்பிக்கு ஒரே சட்டம்தான். கொழுந்தன் கரம் தீன் இரண்டு முறை கால்சட்டையை இழந்தபின், ஐம்பது அடி தள்ளி நின்றுதான் குரல் கொடுப்பான்.

"மதினி, உங்க இன்ஸ்பெக்டரம்மாவைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க. உள்ள வரணும்."

"அங்கயே நின்னு சொல்லு. உன் சங்கதி அவளுக்கும் தெரியட்டும்."

2014 ஏப்ரலில், மலையேறும் வழியில், சாலையோர முகாமுக்கு ஒரு ஜீப் வந்தது. வந்தவர் சமவெளியில் நாய்ப் பண்ணை வைத்திருப்பவர். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார், உப்புத் தேநீரை இரண்டு கோப்பை குடித்தார். டப்பியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, இந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது, சுத்தமான குட்டிகளைப் பெருக்கப் போகிறேன் என்றார். விலை பேசினார். நாயை நாங்கள் விற்பதில்லை என்றாள் ஹாஜ்ரா. அப்படியானால் ஓர் ஈற்றுக்கு மட்டும் கொடுங்கள், நீங்கள் இறங்கி வரும்போது திருப்பித் தருகிறேன் என்றார். அது அவளுக்குப் புரிகிற பேச்சு. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குப் பெட்டை நாயை ஒரு பருவம் கொடுப்பதும், அது ஒரு குட்டியோடு வீடு திரும்புவதும் அவர்களுக்குள் எப்போதும் உள்ளதுதான்.

"குட்டியில ஒண்ணு எங்களுக்கு வரணும். அதுதான் முறை" என்றாள்.

"ஒண்ணு என்னம்மா, ரெண்டா வாங்கிக்கிடுங்க."

கொடுக்கும்போது முள் பட்டையைக் கழற்றித் தன் கூடாரக் கம்பத்தில் மாட்டினாள். பட்டை வீட்டில் இருந்தால் நாய் வீட்டுடையது. வெறும் கழுத்தோடு போனது திரும்பி வரும். இதைவிடப் பெரிய பத்திரம் அவளுக்குத் தெரியாது. ஆகவே பண்ணைக்காரர் நீட்டிய காகிதத்தில், வந்தவர் மனம் கோணக்கூடாதே என்பதற்காகப் பெருவிரலை ஒற்றிக்கொடுத்தாள். அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரே ஆளான அவள் அண்ணன் பீர் பக்ஷ், பொதிக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஒருநாள் முன்னதாகப் போயிருந்தான்.

அந்தக் கோடையில் ஒரே சிறுத்தை பதினேழு ஆடுகளைக் கொண்டுபோனது. மற்ற குடும்பங்களின் ஆடுகளும் அதில் உண்டு. டப்பி வந்துவிடும் என்று ஹாஜ்ரா சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்டோபரில் இறங்கியதும் பண்ணைக்குப் போனாள். கதவுக்கு வெளியே நிற்கவைத்துக் காகிதத்தைக் காட்டினார்கள். நாயை முழுமனத்தோடு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. பீர் பக்ஷ் அதை இரண்டு முறை படித்தான், இரண்டு முறையும் அதுவேதான் இருந்தது.

தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அதிலும் அவள் பெருவிரலைத்தான் வைத்தாள். வாசலில் நின்ற பண்ணை ஆள் தன் கூட்டாளியிடம், அவள் காதில் விழும்படியே சொன்னான்: "குடுத்ததும் அதே விரலு, கேக்குறதும் அதே விரலு. எதைப்பா நம்புறது?"

 முகாமுக்கு வந்ததும் ஹாஜ்ரா அண்ணனிடம், "என் பேரை எழுதிக் காட்டு. டப்பியை விரல் வெச்சு வாங்க மாட்டேன்" என்றாள். நாற்பது வயது அவளுக்கு. பீர் பக்ஷ் ஒரு தட்டைக் கல்லில் கரியால் எழுதினான். உருதுவில் ஐந்தே எழுத்துகள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றுதான், ஆனால் உருவம் வேறு என்றபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"வரும்போது ஒரு மூஞ்சி, போகும்போது ஒரு மூஞ்சியா? அந்தப் பண்ணைக்காரன் மாதிரியே இருக்கே."

ரொட்டி மாவில் எழுதினாள், சாம்பலில் எழுதினாள், ஆட்டுக்கு மருந்து தடவும் குச்சியால் ஈரமண்ணில் எழுதினாள். நடுவெழுத்தின் புள்ளியை மறந்துவிடுவாள். அதற்கு மட்டும் மூன்று மாதம் ஆயிற்று.

மனு நகரவில்லை. 2015 கோடையும் டப்பி இல்லாமல் போனது. மேலும் இருபத்து மூன்று ஆடுகள். இலையுதிர்காலத்தில் ஐந்து குடும்பத்தாரும் கூடினார்கள். கரம் தீன் இப்போது அவள் அடுப்பு வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்ஸ்பெக்டரம்மாவைத் தாரை வாத்தாச்சு. இனி ராத்திரிக்கு மதினியே குலைச்சுப்பாங்களாம்" என்றான். இரண்டு பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

முடிவு இதுதான்: அடுத்த மலையேற்றத்துக்குள் டப்பி வந்து மந்தையைக் காத்தால் ஹாஜ்ரா முன்னே நடப்பாள். இல்லையென்றால் அவளுடைய ஆடுகளும் கரம் தீனின் மந்தையோடு சேரும், அவள் பொதிக்குதிரைகளோடு பின்னால் வருவாள்.

2016 மார்ச் 10 அன்று தாசில்தார் இரு தரப்பையும் அழைத்தார். பண்ணைக்காரர் காகிதத்தை மேசையில் வைத்தார். ஹாஜ்ரா முள் பட்டையை வைத்தாள். கொடுத்துத் தொலைத்த நாயின் பட்டையை எவளாவது வைத்துக்கொண்டிருப்பாளா என்று கேட்டாள். வேறு மூன்று கூட்டத்துப் பெரியவர்கள் வந்து, பட்டை எங்கேயோ நாய் அங்கே, எங்கள் வழக்கம் இதுதான் என்றார்கள். தாசில்தார் பட்டையைத் தூக்கிப் பார்த்தார், உள்பக்கம் ஒட்டியிருந்த ரோமத்தைப் பார்த்தார். நாயை ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்கச் சொல்லி எழுதினார். அதையும் அவள் வென்றாள்.

ஏழாம் நாள் அண்ணனும் தங்கையும் பண்ணைக்குப் போனார்கள். சிமெண்டுக் கூண்டைத் திறந்தார்கள். டப்பி மெதுவாக வந்தது. மடி தரையைத் தொட்டது. இரண்டு வருடத்தில் நான்கு ஈற்று. மேல் கோரைப்பற்கள் இரண்டும் இல்லை. அது முதலில் காவல்காரனைப் பார்த்து வாலாட்டியது. பிறகு ஜீப் ஓட்டுநரைப் பார்த்து, பிறகு முன்பின் அறியாத ஒரு பால்காரரைப் பார்த்து, பீர் பக்ஷைப் பார்த்து வாலாட்டியது. கடைசியில் ஹாஜ்ராவைப் பார்த்தும் ஆட்டியது. எல்லோருக்கும் ஒரே அளவு.

பல் எங்கே என்று கேட்டாள்.

"கடிக்கிற நாயை வெச்சு எப்படிம்மா குட்டி விக்கிறது?" என்றார் பண்ணைக்காரர். "வர்றவங்க பயப்படுறாங்க. இப்பப் பாருங்க, எவ்வளவு சாது. குழந்தை மாதிரி."

ஹாஜ்ரா பட்டையைக் கையில் வைத்திருந்தாள். போடவில்லை. கரம் தீன் இனி ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பண்ணைக்காரர் ஒரு பதிவேட்டை விரித்தார். பீர் பக்ஷ் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். நாய் நல்ல உடல்நிலையில் ஒப்படைக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவருக்குக் குறை ஏதும் இல்லை. கையெழுத்துப் போடாதே என்றான். போடாவிட்டால் நாய் இங்கேயே இருக்கட்டும், வந்தார்கள் வாங்கவில்லை என்று தாசில்தாருக்கு எழுதிவிடுகிறேன் என்றார் பண்ணைக்காரர். வாக்குறுதி கொடுத்த குட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

டப்பி அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நீ படிச்சது சரிதானே அண்ணே?"

"சரிதான்."

"போன தடவை தெரியாம ஏமாந்தேன். இந்தத் தடவை தெரிஞ்சு ஏமாறுறேன். பேனாவைக் குடு."

பண்ணைக்காரர் பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார். ஹாஜ்ரா அதைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். வலமிருந்து இடமாக ஐந்து எழுத்தையும் எழுதினாள், அவசரப்படவில்லை. நடுவெழுத்தின் புள்ளியை மறக்கவில்லை. பக்கத்தில் தேதியை அண்ணனைப் போடச் சொன்னாள்: 2016 மார்ச் 17, வியாழக்கிழமை.