பக்கச் சுவரிலிருந்து ஒரு வயலின்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் யாரும் படத்தின் கதையைப் பற்றிப் பேச மாட்டார்கள். நேராக பிஜிஎம்முக்கு வந்துவிடுவார்கள். செங்கல்பட்டில் ஏறி மறைமலை நகரில் இறங்குவதற்குள், எந்த இடத்தில் வயலின் கூட்டத்தை இறக்கியது சரி, எந்த இடத்தில் பறையை இறக்கியது தப்பு என்று தீர்ப்பே சொல்லி முடித்திருப்பார்கள். டிரைவர் அண்ணன் டிரம்ஸ் கட்சி. சீட்டு அதிரவில்லை என்றால் அவருக்கு அது இசையே இல்லை. எனக்குப் பின்சீட்டுக்காரர் வெல்டர். ஒரு பெரிய ஹீரோவின் ரசிகர் மன்றத்துக்குச் செங்கல்பட்டில் அவர்தான் பொறுப்பு. அவர் ஆர்க்கெஸ்ட்ரா கட்சி. அதுவும் வெளிநாட்டில் போய் எடுத்த ஆர்க்கெஸ்ட்ராவாக இருக்க வேண்டும்.

எனக்கு இதில் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. முதல் நாள் இவர்கள் அடிக்கிற விசிலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. ஹீரோ வந்தால் ஸ்கிரீனுக்கு முன்னால் போய் ஆடுவார்கள். அப்படியிருக்க இசையை எப்போது கேட்டார்கள், கருத்து எங்கிருந்து பிறந்தது? ஒருநாள் வெல்டரிடமே கேட்டேன். தியேட்டரில் உடம்பில் ஏறும், மறுநாள் ஹெட்போன் மாட்டினால் காதில் ஏறும் என்றார். யோசித்துப் பார்த்தால் மோசமான பதில் இல்லை.

நான் பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பெரிய பிரஸ்கள். காதுக்குப் பஞ்சு மாதிரி அடைப்பான் கொடுப்பார்கள். நான் அதைக் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பேன். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில் விரிசல் விழத் தொடங்கினால் அடிக்கிற சத்தம் மாறும். அடைப்பான் போட்டால் அது தெரியாது. அந்த மாற்றத்தைப் பிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். ‘அக்கா காது’ என்றே ஷாப்பில் ஒரு பேச்சு உண்டு. பஸ் பஞ்சாயத்தில் நான் வாய் கொடுப்பதும் அந்தக் காதை நம்பித்தான். மற்றபடி, இந்தக் காலத்துப் பொருள் எதுவும் சரியில்லை என்பது என் பொதுவான கருத்து. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் கூவ வேண்டும். வாங்கிய நாளிலிருந்து கூவியதே இல்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே நானே போய் எட்டிப் பார்ப்பேன்.

என் மகளுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கேளம்பாக்கத்தில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். அவள் அப்பா இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். சனி ஞாயிறு வருவாள். சர்ச் பாடல் குழுவுக்காகச் சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டது இன்னும் அவளை விடவில்லை. லீவு நாளில் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளில் கல்யாண வரவேற்புக்கு வாசிப்பாள். அங்கே பழக்கமான ஒருவர் மூலமாக ஒரு படத்தின் வயலின் வரிசையில் உட்காரக் கூப்பிட்டார்கள். படம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வெல்டர் கோயில் கட்டாத குறையாகக் கும்பிடும் அதே ஹீரோவுடையது.

ரெக்கார்டிங் முடிந்த அன்று போன் செய்தாள். கிளைமாக்ஸில் ஹீரோ, தம்பி செத்துக் கிடக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அதுவரை முழங்கிய ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் நின்றுவிடும். ஒரே ஒரு வயலின் மட்டும், கம்பியைத் தொட்டும் தொடாமலும், உச்சியில் ஒரு சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். இசையமைப்பாளர் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில் என் மகளைக் காட்டி, இவள் வாசிப்பது கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றாராம். நிஜமாகவே பயந்துபோய்த்தான் இருந்தேன் என்று சிரித்தாள். பிறகு, “நீ கேட்டுட்டு சொல்லும்மா. நீ சொன்னாதான் நான் நம்புவேன்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு சுரத்தைக் கேட்க வேண்டும். படம் எக்கேடு கெட்டாலும் சரி.

படம் வரும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது படக் கம்பெனிக் கட்டளை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டிரைலர் வந்ததும் வெல்டர், இது வெளிநாட்டு வயலின்தான், நம் ஆட்களுக்கு இந்த சவுண்டு வரவே வராது என்று அடித்துச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் காட்சிக்கு அவரே செங்கல்பட்டுத் தியேட்டரில் எனக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்துதான் பார்ப்பேன், அதுவரை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விசிலும் காகிதமும் பறந்து முடிந்து கிளைமாக்ஸ் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா நின்றது. அதிசயம், கூட்டமும் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஏசி ஓடுகிற சத்தம்தான் இருந்தது. ஹீரோ வாசலில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார், கதவைத் தள்ளினார், டிரம்ஸ் வந்துவிட்டது. வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சின்னப் பெண்ணிடம் ஆசை காட்டிவிட்டு இப்படியா செய்வது?

இந்தத் தியேட்டரில் ஒன்றும் கேட்கவில்லை, வேறு இடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். சரிம்மா என்றாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினால் ஊரே அந்த இடத்தைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தது. “மீசிக்கே போடாம வுட்டான் பாருக்கா, இன்னா தில்லு வேணும் அதுக்கு!” என்றார் வெல்டர். ஆர்க்கெஸ்ட்ராவை நிறுத்தத் தெரிந்தவன்தான் ஆர்க்கெஸ்ட்ராவை ஆளத் தெரிந்தவன் என்று ஒரு வீடியோவே பேசிப் போட்டிருந்தார். செங்கல்பட்டு ஆட்கள் அத்தனை பேரும் கீழே கமென்ட்டில் கைதட்டியிருந்தார்கள். டிரம்ஸ் கட்சி டிரைவர்கூட மனம் மாறி, அந்த அமைதிதான் படத்திலேயே பெரிய அடி என்றார்.

மத்தியானம் கேன்டீனில் இந்தப் பேச்சு எழுந்தபோது கணக்குப் பிரிவு அம்மாள் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஊரப்பாக்கத்துக்காரர், வீணை கற்றவர். படத்தைச் சென்னை ஓஎம்ஆரில் ஒரு மாலில் பார்த்திருக்கிறார். “அமைதியா? அங்க ஒரு வயலின் இருக்கே. இடது பக்கச் சுவத்துலேர்ந்து வருமே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு” என்றார். அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. வெல்டர் விடவில்லை. வீணை கற்றவர்களுக்கு இல்லாததெல்லாம் கேட்கும் என்று கேலி செய்தார். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் நேராகத் தியேட்டர் ஆபரேட்டரிடம் போயிருக்கிறார்.

ஆபரேட்டர் சிரித்தாராம். பொங்கலுக்கு வந்த படத்தின் டிரம்ஸில் இடது பக்கச் சுவர் ஸ்பீக்கரெல்லாம் கிழிந்துவிட்டதாம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஊமை. ஆக, எங்கள் ஊர் கொண்டாடித் தீர்த்த மகத்தான அமைதி, கிழிந்த ஸ்பீக்கர். மறுநாள் பஸ்ஸில் வெல்டர் இதைச் சொல்லும்போது தலை நிமிரவே இல்லை. எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. வெட்டவில்லை, என் மகள் படத்தில் இருக்கிறாள். அதற்குமேல் வாயைக் கட்ட முடியாமல், அந்த வயலின் என் பெண் வாசித்தது என்று போட்டு உடைத்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வெல்டர், “ஃபாரின்னு சொல்லிகினு இருந்தேனேக்கா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓஎம்ஆர் மாலுக்குப் போக ஏற்பாடு செய்ததும் அவர்தான். நான், மகள், வெல்டர், கணக்குப் பிரிவு அம்மாள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா நின்றது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் இடது பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி திரும்பினார். வெல்டர் திரும்பினார். நானும் திரும்பினேன். சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. மற்றபடி செங்கல்பட்டில் கேட்ட அதே ஏசி சத்தம்.

மகள் மட்டும் திரும்பவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளைக் கும்பிட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. “கேட்டியாம்மா?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “இல்லடி” என்றேன்.

அன்று சாயங்காலம் அவளுக்கு மாமல்லபுரம் ரிசார்ட்டில் வாசிப்பு இருந்தது. நானும் கூடப் போனேன். விருந்தாளிகள் வருவதற்குமுன், மண்டபத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்புப் பக்கம் நின்று வயலினை எடுத்தாள். தடித்த கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஏறிக்கொண்டே போனாள். ஓர் இடத்துக்குமேல் வில் போய்வந்துகொண்டிருந்தது, அலைச் சத்தம்தான் கேட்டது. தூரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

எனக்கு ஏனோ அப்போது வீட்டு ஞாபகம் வந்தது. “வாஷிங் மெஷின் கூவுதாடி?” என்றேன்.

“கூவும்மா. எப்பவும் கூவுது. நீ டிவில மும்முரமா இருக்கன்னு நெனச்சிப்பேன்” என்றாள். சொல்லிவிட்டு வயலினைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

செங்கல்பட்டில் காது டாக்டர் சோதித்துவிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார். கீழ்ச் சத்தமெல்லாம் நன்றாக இருக்கிறது, உச்சியில் ஒரு பகுதி பிரஸ் சத்தத்திலேயே போய்விட்டது, அது திரும்பாது என்றார். பேச்சு கேட்க மெஷின் வைத்துக்கொள்ளலாம், அந்தச் சுரத்துக்கு உத்தரவாதம் இல்லையாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எவனோ ஓட்டப்போகிற கார் கதவுக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற பெண்ணுக்கு அந்தக் காது இல்லை. இப்போது அடைப்பானைக் காதில்தான் போடுகிறேன். பஸ்ஸில் சில நாள் யாரோடும் பேசவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் திரும்பி, அந்த வயலின் எப்படி இருந்தது என்று வெல்டரிடம் கேட்டேன். வேற லெவல் என்றார். அதெல்லாம் வேண்டாம், எப்படி இருந்தது என்று சொல் என்றேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மறைமலை நகர் வருகிற சமயத்தில், “யாரோ பேர் சொல்லிக் கூப்ட்ட மாரி இருந்துச்சுக்கா. அதான் திரும்பிப் பாத்தேன்” என்றார். கணக்குப் பிரிவு அம்மாளைக் கேட்டேன். எவர்சில்வர் டம்ளர் விளிம்பை ஈர விரலால் தேய்த்த மாதிரி என்றார். டிரைவர் ஒருநாள் மாலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்து, அழுது முடித்த குழந்தை தூங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் போடுமே, அது என்றார். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. எனக்கு இன்னும் இன்னும் கேட்க வேண்டும் போல இருந்தது. முன்பெல்லாம் இவர்கள் கருத்தில் குற்றம் கண்டுபிடிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. இப்போது என் மகள் வாசித்தது எனக்கு வந்து சேர வேறு வழியில்லை.

மூன்றாவது வாரம் மன்றத்து ஆட்கள் தியேட்டர் முதலாளியைப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் பாதிப் படமா என்று கேட்டு, இடது பக்கச் சுவர் ஸ்பீக்கரை மாற்றும்வரை நகரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு என்னையும் மகளையும் நடு வரிசையில் உட்கார வைத்தார்கள். அதே விசில், அதே காகிதம், அதே ஆட்டம். நான் படத்தைப் பார்க்கவே இல்லை. கிளைமாக்ஸ் நெருங்கியதும் எழுந்துபோய், வலது பக்கச் சுவரோரம், ஸ்கிரீனுக்குக் கீழே, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தத் தியேட்டரில் ஸ்கிரீனுக்கு முன்னால் போய் நிற்பது ஒரு பெரிய விஷயமில்லை.

ஆர்க்கெஸ்ட்ரா நின்றது. விசில் நின்றது. முதலில் முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். பிறகு அவருக்குப் பின்னால், பிறகு பால்கனியில், மூலையில் நின்றுகொண்டிருந்த முறுக்கு விற்கிறவர்கூட. தியேட்டர் முழுக்க அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. நடு வரிசையில் ஒருத்தி மட்டும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கி, கேட்டுவிட்டது என்று தலையாட்டினேன்.