எகோன் போட்ட சராசரி

அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வாழ்த்து அட்டையில் வயதை எழுதுவது எகோன்தான். நேற்று ஆய்வகத்தில் எங்களோடு வேலை செய்யும் இங்கலிஸுக்கு ஐம்பத்தொன்று முடிந்தது. அட்டையில் 2601 என்று எழுதி, அதன்மேல் வர்க்கமூலக் குறியைப் போட்டு, கேக்கின் முன்னால் நீட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

டென்மார்க்கின் யூட்லாந்தில் இருக்கும் எங்கள் சிறிய பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் ஆய்வகத் தலைவர் எகோன் தோர்சேகர். கம்பு ரொட்டியில் ஈரல் பசையைத் தடவி நான்காக வெட்டுவார். “ரெண்டோட ரெண்டாம் அடுக்கு” என்று சொல்லாமல் வாயில் வைக்கமாட்டார். பால் லாரி ஓட்டிவரும் பாவப்பட்ட மனிதரிடம்கூட லிட்டரைப் பத்தின் அடுக்கில்தான் கேட்பார். “வரிசையா சைபர் போடுறவன் இன்னும் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கான்னு அர்த்தம்” என்பார். இருபத்து மூன்று வருடமாக இந்த ஒரே வசனம். காது புளித்துவிட்டது.

இந்தப் பந்தாவெல்லாம் எதற்கு உதவும் என்று போன மார்ச்சில் தெரிந்தது.

காரன் ஹோல்ம் என்ற பெண்மணி முப்பது மாடு வைத்திருக்கிறார். தன் பண்ணையின் பெயரில் ஒரு பாலாடைக்கட்டி வரவேண்டும் என்று ஆறு வருடம் நிர்வாகத்திடம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரே ஒரு தொட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள். அது நன்றாக வந்தால் தொடரும், இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. காரனின் பாலில் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கிருமிதான் இருந்தது. அப்படிப்பட்ட சுத்தமான பாலை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அது பாதித் தொட்டிக்குத்தான் வந்தது. மீதியை நிரப்ப இருந்தது பக்கத்துப் பெரிய பண்ணையின் பால். அங்கே குளிர்பதன இயந்திரம் பழுதாகி, கிருமி ஒரு கோடியைத் தொட்டிருந்தது.

எகோன் இரண்டு பாலின் சோதனைத் தாள்களையும் பார்த்தார். ஒன்றில் பத்தின் மூன்றாம் அடுக்கு, இன்னொன்றில் ஏழாம் அடுக்கு. மூன்றும் ஏழும் பத்து, அதில் பாதி ஐந்து. சட்டம் அனுமதிப்பதும் பத்தின் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஒரு லட்சம். “கச்சிதமா உக்காருது பாரு. கலந்துடுங்க” என்றார்.

இங்கலிஸ் ஒரு கிழிந்த காகிதத்தில் சைபர்களை வரிசையாக எழுதிக் கூட்டினாள். ஒரு கோடியோடு ஆயிரத்தைச் சேர்த்துப் பாதியாக்கினால் ஐம்பது லட்சம் வருகிறதே, அது வரம்பைப்போல் ஐம்பது மடங்கல்லவா என்று கேட்டாள்.

“சைபரைக் கட்டிக்கிட்டு அழாதேம்மா. அடுக்கைப் பார்க்கப் பழகு.”

பெருக்கும்போதுதான் அடுக்குகளைக் கூட்டவேண்டும், பாலைக் கலக்கும்போது அல்ல என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தலைவரிடம் வாதாடி ஆகப்போவதென்ன என்று காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அந்த வெட்கங்கெட்ட வேலைக்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கலந்தார்கள். பத்தே நிமிடத்தில் கிருமி எண்ணும் இயந்திரம் ஐம்பது லட்சம் என்று காட்டியது. தொட்டி முழுக்கப் பன்றிகளுக்குப் போனது. எகோன் இயந்திரத்தைத்தான் பழுதுபார்க்கச் சொன்னார். நிர்வாகம் காரனுக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்பித் திட்டத்தைக் கைவிட்டது.

மறுநாள் காரன் ரப்பர் பூட்ஸோடு நேரே ஆய்வகத்துக்கு வந்தார். தன் பாலின் சோதனைச் சீட்டை மேசைமேல் வைத்தார். இங்கலிஸ் கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டு அது.

“என் பால்ல என்ன குறை எகோன்? அதை மட்டும் சொல்லு, போயிடறேன்.”

எகோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அதிலிருந்த 1000-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் அழகாக 10³ என்று எழுதி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.