மாமா எல்லை தாண்டிய மாசி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சிங்களம் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரரின் சிங்களக் குடும்பம், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே குடியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடியே அந்த மொழி என் வாயில் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் சிங்களம் "ஓவ் சார்" என்பதோடு முடிந்துவிடும். ஆம் ஐயா என்று அர்த்தம். அம்மாவுக்கு அதுவும் வராது. ஆஸ்பத்திரிக்கோ தபால் கந்தோருக்கோ போவதென்றால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கூட்டிப்போவார்கள். நானும் பெரிய மனுஷி போலத்தான் முன்னால் நடப்பேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிச் சமன்படுத்தும் கவ்வாத்து வேலை அவருக்கு. இருபத்துநான்கு வயது, நல்ல நிறம், சுருட்டை முடி. கண்ணாடிக்கு முன்னால் அவர் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலே இன்னும் அரை ஏக்கர் கவ்வாத்து முடியும் என்று அப்பா கேலி செய்வார். அந்த அழகுக்காகவே அந்த வருடம் காமன் கூத்தில் அவரை மதனாகத் தெரிந்தெடுத்தார்கள்.

காமன் கூத்து எங்கள் தோட்டத்தில் மாசியில் நடக்கும். அமாவாசை கழிந்து கம்பம் நட்டுவிட்டால், மதனுக்கும் ரதிக்கும் தூதனுக்கும் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். சிங்களவர்கள் போயா என்று சொல்லும் பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மதன் எரிந்துபோவான். பிறகு ரதியின் அழுகைக்கு இரங்கிச் சாமி அவனை எழுப்பித் தரும். காப்புக் கட்டியவர்கள் அதுவரை கவிச்சி தின்னக்கூடாது, வீட்டில் படுக்கக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் தோட்டத்துக்கு எல்லை, டவுன் பாதையில் ஓடைக்கு மேல் இருந்த இரும்புப் பாலம். மாமா பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, டவுனிலிருந்து தனக்கு என்னென்ன வாங்கி வரவேண்டும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்புவார்.

யுத்தம் வடக்கே முற்றிக்கொண்டிருந்த காலம். அந்த மாசியில் கொழும்புப் பக்கம் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. என் அக்கா அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அவளிடமிருந்து போன் வரும்வரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. ஆகவே அவசரகாலச் சட்டத்தில் மலைநாட்டிலும் ஆட்களைப் பதியப்போகிறார்கள், சோதனை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

"செக் பண்ணட்டும். நல்லாப் பண்ணட்டும். நம்ம புள்ளயும் அந்த பஸ்லதானே போகுது," என்றாள் அம்மா.

இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். பயம் பொலிஸுக்கு மட்டும் இருக்கவில்லை, எங்களுக்கும் இருந்தது. யாராவது வந்து எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நாங்களும் இருந்தோம்.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அறிவித்தார்கள். பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் அடையாள அட்டையோடு டவுன் பொலிஸில் நேரில் பதிய வேண்டும். பௌர்ணமிக்கோ இன்னும் எட்டு நாள் இருந்தது. கூத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நேரில் என்று சொன்னதை எல்லோரும் கேட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் சாமி காரியம் என்று சொன்னால் விளங்காத மனிதரும் உலகத்தில் இருப்பார் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை.

"வெள்ளக்காரத் தொரயே கூத்துக்கு லீவு குடுத்தான். இவங்க எட்டு நாள் பொறுக்க மாட்டாங்களா?" என்றார் கூத்து வாத்தியார்.

அட்டையை அப்பாவிடம் கொடுத்தனுப்பிக் காரணத்தைச் சொல்லிவிடுவது, கூத்து முடிந்த மறுநாளே மாமா போய்ப் பதிவது என்று முடிவானது. ரதியும் தூதனும் அட்டைக்கு முந்தின மாதம்தான் விண்ணப்பித்திருந்தார்கள், இன்னும் வரவில்லை. காரணத்தை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. நான் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

பொலிஸில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் இளைஞர், தெற்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தூக்கமில்லாத கண்கள். அப்பாவுக்கு நாற்காலி காட்டிய முதல் பொலிஸ்காரர் அவர்தான். அப்பா நுனியில் உட்கார்ந்தார். அப்பாவின் பதிவு முடிந்ததும் நான் மாமாவின் அட்டையை நீட்டினேன். இந்த ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அவரால் வரமுடியாது, பாலத்தைத் தாண்டக்கூடாது என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். பெரியவர்கள் என்றேன். கையில் கயிறு கட்டியிருக்கிறார்கள், கட்டினால் காரியம் முடியும்வரை வெளியே போகக்கூடாது, வீட்டில் படுக்கவும் கூடாது என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றார். மூன்று பேருக்கு என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"என்ன காரியம், மகள்?"

நாடகம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். ஆனால் காப்புக் கட்டியவரை நடிக்கிறவர் என்று சொல்வது எங்கள் லயத்தில் பாவம். காப்புக் கட்டிய நாளிலிருந்து மாமா மாமா இல்லை, மதன். அம்மாவே அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"போயா நாளில் மாமா எரிவார். சாமிக்காக. பார்க்க நிறையச் சனம் வரும்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, பிள்ளை சொல்வது உண்மையா என்று கேட்டார். அப்பா மரியாதையாக எழுந்து நின்று சிரித்த முகத்தோடு, "ஓவ் சார், ஓவ்," என்றார்.

மற்ற இரண்டு பேரின் பெயரையும் லய இலக்கத்தையும் கேட்டார். சொன்னேன். கயிறு கட்டிய பெரியவர் யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மாமாவின் அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்து, ஆள் வரும்வரை இது இங்கேயே இருக்கும் என்றார். போகும்போது நான் நல்ல சிங்களம் பேசுவதாகச் சொன்னார். அப்பா எனக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், "கடகடன்னு பேசுச்சுங்க, அந்த ஐயாவே அசந்துபோனாரு," என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை பெரட்டு நேரத்தில் ஒரு ஜீப்பும் ஒரு லொறியும் வந்தன. பெயர் வாசித்தார்கள். மதன், ரதி, தூதன், கூத்து வாத்தியார் என்று நான்கு பேரையும் வரிசையாக நிறுத்திக் கைகளைப் பார்த்தார்கள். மூன்று கைகளில் மஞ்சள் கயிறு இருந்தது. அட்டை எங்கே என்று மாமாவிடம் கேட்டார்கள். அது அவர்களிடம்தான் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு மொழி வரவில்லை. நான் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு நின்றேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். துப்பாக்கிகளைப் பார்த்ததும் எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

மாமா லொறியில் ஏறாமல், பாலம் இருந்த பக்கம் கையைக் காட்டி, தாண்ட முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பாதான் போய் அவர் தோளில் கைபோட்டு ஏற்றிவிட்டார்.

"போயிட்டு வா மாப்ள. நாம ஒண்ணுஞ் செய்யலையே. உள்ளதச் சொல்லு, விட்டுருவாங்க."

லொறி பாலத்தைத் தாண்டியபோது நான் கதறி அழுதேன். எல்லோரும் நான் மாமாவுக்காக அழுவதாக நினைத்தார்கள். எல்லை தாண்டினால் சாமிக் குற்றமாகிவிடுமே என்றுதான் நான் அழுதேன்.

தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தோடு மற்ற மூவரும் பிடிபட்ட ஆறாம் நாள் திரும்பி வந்தார்கள். இது ஒரு திருவிழா என்பது அதற்குள் பொலிஸுக்கும் விளங்கியிருந்தது. ஆனால் அட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டுத் தான் வராமல் இருந்தவர் மாமா ஒருவர்தான். அதற்கு ஏதாவது காரணம் இருக்கத்தானே வேண்டும் என்று மேலே எழுதிவிட்டார்கள். அவரைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தடுப்புக் காவல் உத்தரவு மூன்று மாதத்துக்கு ஒரு தாள். ஒரு தாள் முடிய இன்னொரு தாள் வரும். என்ன குற்றம் என்று அப்பா போகிற இடமெல்லாம் கேட்டார். குற்றம் என்று யாரும் சொல்லவில்லையே, விசாரணைதானே நடக்கிறது என்று எல்லோரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்பாவை அதட்டவில்லை. ஒருமுறை அதட்டியிருந்தால்கூட வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்திருப்பார். அதற்கும் வழியில்லாமல் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அம்மா கொழுந்துக் கூடையைச் சுமந்து மலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பாலத்தைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நான் என்னவோ சாமி மாமாவைத் தண்டிக்கிறது என்றே நம்பினேன். காப்போடு எல்லை தாண்டியவரைச் சாமி சும்மா விடுமா? சாமி மனமிரங்க வேண்டும் என்று கவிச்சி தின்னாமல் இருந்தேன்.

இப்போது நான் மலைநாட்டு நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். ஆட்களைத் தடுத்துவைக்கும் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது கொண்டுவருகிறார்கள் என்று அடிக்கடி பேச்சு வரும். அதன் வரைவுகள் தமிழாக்கத்துக்கு என் மேசைக்கும் வந்திருக்கின்றன. குண்டு வெடித்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். நியாயமான சந்தேகம் இருந்தால் என்ற இடம் வரும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. என் மாமா மேல் வந்த சந்தேகம் நியாயமானதுதான். அந்த இளைஞரின் நாற்காலியில் நான் இருந்து, ஒரு பிள்ளை வந்து அப்படிச் சொல்லியிருந்தால் நானும் பேனாவை எடுத்திருப்பேன். சந்தேகப்பட்டதில் குற்றம் காண எனக்கு முடியவில்லை. சந்தேகம் தீர்ந்த பிறகும் ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருக்க ஒரு தாள் போதுமாக இருந்ததே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புதிய வரைவிலும் அந்தத் தாள் இருக்கிறது. பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

மாமா வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பழைய தடுப்புக் காவல் பதிவு குறுக்கே நின்றது. அதை நீக்கக் கேட்ட சட்டத்தரணி கோப்பின் பிரதியை எடுத்துத் தமிழாக்கச் சொல்லி என்னிடமே தந்தார். முதல் பக்கத்தில் இருந்தது என் வாக்குமூலம். தகவல் தந்தவர் சந்தேக நபரின் மருமகள், வயது பத்து. எவரும் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அடுத்த பக்கத்தில், இரண்டாம் நாள் விசாரணையில் அதை ஒரு மொழிபெயர்ப்பாளர் மாமாவுக்கு வாசித்துக் காட்டியதும், அவர் சொன்ன பதிலும் இருந்தன. பிள்ளை சொன்னது உண்மை, அவள் பொய் சொல்லமாட்டாள்.

சின்னப் பிள்ளை தெரியாமல் உளறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என்னையும் கூட்டிவந்து விசாரிப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்க எனக்கு நான்கு நாள் ஆனது.

இனித் தடுத்துவைக்க அவசியமில்லை என்று ஒரு வரி எழுதி அவரை விட்டபோது மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது. அவர் வீடு வந்த அன்று, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா காம்பராவுக்குள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடி கொட்டியிருந்தது. வலது கையின் விரல்கள் மடங்கவில்லை என்று அம்மா சோற்றை உருட்டி அவர் இடது கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்குத்தான் தவணை அறிக்கையை வாங்கி வந்திருந்தேன். மாமாவிடம் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று துடித்தேன்.

"சிங்களம் இன்னும் படிக்கிறியா?" என்று அவராகவே கேட்டார்.

"ஆமா மாமா. எங்க கிளாஸ்லயே நான்தான் மொதலாவது."

அறிக்கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. 

"நல்லாப் படி. ஆனா அப்பா இனி பொலிஸ் பக்கம் போனா நீ கூடப் போகாத."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் மாமா? எனக்குத்தானே நல்லாப் பேசத் தெரியும்," என்றேன்.