பேர் சொல்லாத சான்று

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நான் முதலில் கேட்பது, இதற்கு என்ன சான்று என்பதைத்தான். மரம் வளர்ப்பது நல்லது என்று ஒரு பிள்ளை முழங்கிக்கொண்டிருக்கும். நான் பெஞ்சைத் தட்டி நிறுத்துவேன். நல்லது என்று யார் சொன்னது, எங்கே பார்த்தாய், எந்தத் தெருவில்? பாவம், அது திருதிருவென்று முழிக்கும். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை நான். லீவு நாட்களில் திருவிழாப் பட்டிமன்றங்களில் பேசிக்கொண்டிருந்தேன். சான்று சொல்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

புள்ளிவிவரம் சொன்னால் கூட்டம் தலையாட்டும், அப்புறம் சுண்டல்காரனைத் தேடும். பெரியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னால் கைதட்டிவிட்டு மறந்துவிடும். உயிரோடு இருக்கிற ஒரு ஆளை, கையால் தொடக்கூடிய ஒரு பொருளோடு சேர்த்துச் சொன்னால்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். ஆள் பெயர் வேண்டாம், அது நாகரிகம் இல்லை. எந்த ஊர்ப் பக்கம் நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடு, அப்போதுதான் கட்டிவிட்ட கதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இந்த வழியில் எத்தனையோ பிள்ளைகள் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். நான் என் தங்கையை இழந்ததும் இந்த வழியில்தான்.

அவள் நல்லபடியாக உயிரோடு இருக்கிறாள். மானகிரியில், பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அம்மா போனபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது. கல்யாணமாகி மானகிரிக்குப் போன பிறகும் வாரத்தில் ஒரு நாள் ஏதாவது சாக்குச் சொல்லிக் காரைக்குடிக்கு வந்துவிடுவாள். மாமியாரோடு பிணக்கு, மகளுக்குப் பேன், புதுப் புடவையில் சாயம் போனது, எல்லாம் என்னிடம் வந்து கொட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவள் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார்.

ஒருமுறை அவர் வந்து திரும்பிப் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். மகளுக்கு யூனிஃபார்ம் துணி எடுத்துக்கொண்டு மானகிரி பஸ்ஸுக்காக நின்றோம். பேச்சோடு பேச்சாகத் தங்கை சொன்னாள்: "சிரிக்காதக்கா. அவுக போற அன்னைக்குக் கழட்டிப்போட்ட சட்டைய இன்னும் தொவைக்கல. தலகாணிக்கு உள்ள வச்சிருக்கேன். வாசம் போயிருமோன்னுதான் பயமா இருக்கு." நான் சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அக்காளிடம் அதையெல்லாம் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள்.

அடுத்த மாதம் நாங்கள் பிறந்த கோட்டையூரில் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் பட்டிமன்றம். வெளிநாட்டுச் சம்பாத்தியம் குடும்பத்துக்கு வரமா, பாரமா என்று தலைப்பு. நான் பாரம் என்கிற அணி. மாமியார், மகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களைத் தங்கைதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் அக்கா பேசுறா, வந்து கேளுங்க என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

எதிரணியில் பேசியவர் நல்ல நகைச்சுவைக்காரர். ஊரில் எழும்பிய மாடி வீடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் இது ஏது, அது ஏது என்று கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தன் பக்கம் இழுத்துவிட்டார். நான் எழுந்து, பிரிவு, ஏக்கம், தனிமை என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் பேச்சுச் சத்தம் கிளம்பியது. நடுவர் மைக்கை இழுத்து, அம்மா சொல்வதெல்லாம் சரி, சான்றைத்தான் காணோம் என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியை என்னிடமே ஒருவர் கேட்டது சுருக்கென்று தைத்தது. கோபம் வந்துவிட்டது எனக்கு.

சான்றுதானே, இதோ தருகிறேன் என்றேன். மானகிரிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள், என்றேன்.

சட்டையைச் சொன்னேன். தலையணையைச் சொன்னேன். வாசம் போய்விடுமோ என்று அவள் பயந்ததை, அவள் குரலிலேயே சொன்னேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. முன்வரிசையில் மூக்கைச் சிந்துகிற சத்தம் மேடை வரை கேட்டது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேசி முடித்து உட்கார்ந்தபோது அடித்த கைதட்டல் போல அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. மனசு குளிர்ந்துவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஊரைச் சொன்னால் போதும், ஆளை ஜனங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பேசுவது இன்னாருடைய அக்கா என்று தெரிந்த வேன் நிறைய ஆட்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. மாமியார் தலையைத் திருப்பித் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி இன்னொருத்தியை இடித்துச் சிரித்தாள். தங்கை மகளை இழுத்து மடியில் வைத்து, அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு எங்கள் அணிக்கு வந்தது. எனக்குச் சால்வை போர்த்தும்போது அந்த வரிசை காலியாகக் கிடந்தது.

திருவிழாக் கமிட்டிப் பையன்கள் என் பேச்சை மட்டும் வெட்டி யூட்யூபில் போட்டுவிட்டார்கள். அது வாட்ஸ்அப் வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர நாலு நாள்கூட ஆகவில்லை. ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரர்கள் தங்கையின் வீட்டுக்காரரைச் சட்டை என்றே கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் கூச்சசுபாவி. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லுவியா என்று போனில் இவளிடம் கத்தியிருக்கிறார். பிறகு போன் செய்தால் மகளோடு மட்டும் பேசியிருக்கிறார்.

இதெல்லாம் தெரியவந்ததும் மானகிரிக்கு ஓடினேன். தங்கை கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உன் பெயரைச் சொல்லவே இல்லையே, உன்னைக் குறைவாகவும் பேசவில்லையே, உன் பாசத்தைக் கேட்டு ஜனங்கள் அழுதார்களே என்று வக்கீல் மாதிரி வரிசையாக எடுத்துவைத்தேன். மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல் மட்டும் என் வாயில் வரவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"நீ பொய் சொல்லியிருந்தா, அது நான் இல்லையின்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன்க்கா. சொன்னது பூராம் நெசம். நான் என்னன்னு சொல்ல?"

அவளுக்குப் பின்னால் கொடியில் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துவிட்டாள். வெளிர்நீலத்தில் கட்டம் போட்ட சட்டை. அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகப் பார்த்தேன்.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அழைத்த ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தச் சட்டைக் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இன்னும் இரண்டு மேடைகளில் சொன்னேன். வெளி மாவட்டம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரை மட்டும் மாற்றிச் சொன்னேன். அப்போதும் ஜனங்கள் அழுதார்கள். இரண்டாவது மேடையில் அவள் குரலில் பேசும்போது, எந்த இடத்தில் நிறுத்தினால் அழுகை வரும் என்று கணித்து நிறுத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நான் ஏறவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளக்கூடத் தங்கைக்கு ஆசை இருக்கவில்லை.

அவள் என்னோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வருவாள், கொழுக்கட்டை கொடுத்துவிடுவாள், என் முழங்கால் வலியை விசாரிப்பாள். அவளைப் பற்றிக் கேட்டால் மட்டும், நல்லாருக்கேன்க்கா என்பாள். அவர் எப்படி இருக்கிறார்? நல்லாருக்காக. மாமியார்? அவுகளும் நல்லாருக்காக. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வாரா வாரம் வந்து கொட்டிவிட்டுப் போனவள் இப்போது என்னிடம் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினாள். சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன்.

போன ஆவணியில், எங்கள் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். தங்கச்சி இப்ப எப்படி இருக்காக டீச்சர் என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கர்ப்பப்பையை எடுத்து ஒரு வாரம் ஆகிறதாம். எனக்குத் தெரியும் என்பதுபோல, தேறிவருகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அரைநாள் லீவு எழுதிக்கொடுத்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்துக் கோபப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. வாக்கா, உக்காரு என்றாள். எப்போதிலிருந்து வலி, யார் கூடப் போனார்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மூச்சுவிடாமல் கேட்டேன். என் கையை அவள் கை மேல் வைத்தேன். அவள் அதைத் தள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அங்குட்டு அலமாரியில ஃபைல் இருக்குக்கா. எடுத்துப் படிச்சுக்க. எல்லாம் அதுல இருக்கு," என்றாள்.

எடுத்துப் படித்தேன். ஸ்கேன் படம் இருந்தது. கட்டியின் அளவு, ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் நடந்த நேரம், கொடுத்த மருந்து எல்லாம் இருந்தன. உள்ளே போகும்போது பயந்தாளா, யாரைத் தேடினாள், கண் விழித்ததும் என்ன கேட்டாள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. ஃபைலை மூடிவைத்துவிட்டு, பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"அசதியா இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.