கழுதைகள் நின்ற கடற்கரை

போன கிழமை, கோப்பன்ஹேகனுக்கு வடமேற்கே நான் இருக்கும் ஓல்போர்க்கில் சிப்ஸ் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஆங்கிலேயர் ஒருவர் வினாகிரி கேட்டு வாங்கித் தன் சிப்ஸ் மேல் ஊற்றினார். இந்த நாட்டில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. அந்தப் புளித்த வாசனையோடு எண்பதுகளின் நடுவில் அருளுடன் இங்கிலாந்துக்குப் போன நினைவு வந்துவிட்டது.

அருள் மன்னார்க்காரன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பிராண்டே என்ற சிறிய ஊரில் நாங்கள் ஒரே அறையில் இருந்து ஒரே தொழிற்சாலைக்குப் போனோம். அவனுடைய அண்ணன் லண்டனில் இருந்தார். தகப்பனுக்கு வருத்தம் கடுமை, உடனே வரவும் என்று, இங்கே வருமுன் ஊரிலிருந்து அருள் அடித்த தந்திக்கு அவர் பதில் போடவில்லை. தகப்பன் போய்ச் சேர்ந்தார். அதோடு அண்ணன் தம்பிக்குள் கதை இல்லை. பிறகொரு நாள் அண்ணனே தொலைபேசியில் கூப்பிட்டு, எஸ்பியர்க்கிலிருந்து வரும் பயணிகள் கப்பல் வந்து சேரும் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கடற்கரைப் பட்டினம் இருக்கிறது, அங்கே சந்திப்போம் என்றாராம். என் ஆங்கிலத்தை நம்பி அருள் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அது கப்பலில் தேத்தண்ணி வாங்கவே போதவில்லை என்பது வேறு கதை.

தூண்களின் மேல் கடலுக்குள் நீண்டுபோகும் மரப்பாலம், கோடு போட்ட துணிச் சாய்கதிரைகள், அவற்றில் மழைக்கோட்டோடு சாய்ந்து கடலைப் பார்க்கும் கிழவர்கள். ஒருவரும் குளிக்கவில்லை. விடுமுறை என்றால் இவர்களுக்கு இதுதானா என்று நினைத்தேன்.

அண்ணன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். வினாகிரி ஊற்றிய சிப்ஸ் வாங்கித் தந்தார். பிராண்டேயில் குளிரா என்று என்னிடம் கேட்டார். அண்ணனுக்கு என்ன வேலை என்று அருளும் என்னிடம்தான் கேட்டான்.

அப்போது முதுகில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மணலில் கழுதைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர் எழுதிய பட்டி. மன்னார்த் தெருக்களில் கழுதைகள் கேட்பாரற்றுத் திரிவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

"அப்பா கண்டிருந்தால் சிரிச்சிருப்பார்" என்றார் அண்ணன்.

அருள் அவர் பக்கம் திரும்பினான். "தந்தி கிடைச்சதோ?"

"ஓம். விசா இல்லாமல் ஒளிச்சிருந்த நேரம். வரேலாதெண்டு எழுதக் கை வரேல்லை."

அருள் கையிலிருந்த சிப்ஸ் கடதாசியை மடித்தான். "அப்பா கடைசிவரைக்கும் உங்களைத்தான் கேட்டவர். அண்ணன் நாளைக்கு வாறாரெண்டு நான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

அண்ணன் எழுந்து தண்ணீர் ஓரமாக நடந்தார். கொஞ்சம் பொறுத்து அருளும் போனான். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நடை. அதுவரை எனக்கு அது தெரியவில்லை.

அண்ணன் இப்போது இல்லை. அருள் கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டான். அந்தக் கப்பலையும் நிறுத்திவிட்டார்கள். எஸ்பியர்க் துறைமுகத்தில் இப்போது காற்றாலை இறக்கைகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் சில, ஓல்போர்க் தொழிற்சாலையில் நான் பிசின் தடவி அனுப்பியவை.