பெரிய விமானத்தின் பின்னால்

நெடுந்தீவில் நிலக்சனாவைத் தெரியாதவர் இல்லை. தகப்பன் பிரதாபன் அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் பயணிகள் படகு ஓட்டுகிறவர். படகு இறங்குதுறையை அணையும்போது ஓட்டியோடு எவரும் கதைக்கமாட்டார்கள். மாட்டு விலை பேசிக்கொண்டு வந்தவர்களும் வாயை மூடிவிடுவார்கள். அந்தப் படகில் போய்வந்து வளர்ந்தவள் இப்போது கொழும்பில், ஒரு சிறிய ஜெட் விமானத்தில் துணை விமானி.

தலைமை விமானி இராசநாயகம் காரைநகர்க்காரர். “உங்கட தீவிலை குதிரைதானே ஓடித் திரியிறது, உமக்கு ஆர் பிளேன் தந்தது?” என்று பகிடி பண்ணுவார். அவளும் சிரிப்பாள். ஆனால் அவர் விமானத்தை இறக்கத் தொடங்கினால், அந்தப் படகுப் பழக்கத்தில் அவளுக்கு நாக்கு எழாது. இத்தனைக்கும் பாதை பிசகினால் உடனே சொல்வதுதான் துணை விமானியின் வேலை.

போன வைகாசியில் மாலைதீவிலிருந்து பயணிகளோடு கட்டுநாயக்காவுக்குத் திரும்பினார்கள். முன்னால் ஒரு பெரிய விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியானதன் சிறகு நுனிகளிலிருந்து சுழல்காற்று புரண்டு, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் தங்கி, மெல்லக் கீழிறங்கும். பின்னால் வருகிற சிறியது அதன் பாதைக்கு மேலேயே நிற்கவேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வானொலியிலும் எச்சரித்தார்கள். தெரியும் என்று இராசநாயகம் பதில் சொன்னார்.

இறங்குபாதையைக் காட்டும் கருவியின் முள் சிறிது சிறிதாக விலகியது. பாதைக்குக் கீழே போகிறார்கள். நிலக்சனா கண்டாள். அவர் முகம் ஓடுபாதையில் குத்திட்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

விமானம் ஒருமுறை நடுங்கியது. அடுத்த கணம் இடது சிறகு அப்படியே விழுந்தது. கண்ணாடி நிறையத் தென்னைகள். இராசநாயகம் முழுப் பலத்தோடு எதிர்ப்பக்கம் திருப்பி, இயந்திரங்களை உச்சத்துக்குத் தள்ளி மேலே ஏற்றினார். பின்னால் ஒரு அலறல் கேட்டது. ஆசனப் பட்டியைக் கழற்றியிருந்த ஒருவருக்கு நெற்றி பிளந்து இரத்தம் ஓடியது.

மறுபடி வட்டமிட்டு வந்தபோது முன்னால் இன்னொரு பெரியது. காயக்காரரை விரைவில் இறக்கவேண்டும் என்ற பதற்றத்தில் இராசநாயகம் அவசரமாக இறக்கினார். முள் மறுபடியும் விலகியது.

“சேர், கீழை போறம்.”

அவருக்குக் கேட்கவில்லை.

“கீழை போறம் சேர். மேலை எடுங்கோ. இல்லாட்டி நான் எடுப்பன்.”

அவர் எடுத்தார். பெரிய விமானத்தின் சில்லுகள் தொட்ட இடத்தைத் தாண்டிப்போய் இறங்கினார்கள்.

இயந்திரம் நின்றபின் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“முதல் முறையும் கண்டனீரோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணுக்குள் வெயில் அடித்தது என்றால் நம்பியிருப்பார்கள்.

“ஓம் சேர், கண்டனான். சொல்லேல்லை.”

“விசாரணை வரும். அங்கையும் இதைத்தான் சொல்லுவீரோ?”

“ஓம்.”

வெளியே அம்புலன்ஸ் வந்து நின்றது. இரத்தம் ஊறிய துவாயை நெற்றியில் அழுத்தியபடி அந்தப் பயணி விமானி அறை வாசலில் நின்று, பத்திரமாக இறக்கினதற்கு இருவருக்கும் நன்றி சொன்னார். நிலக்சனாவால் அவரைத் திரும்பிப் பார்க்க ஏலவில்லை.